கரும்பு இனித்த ஊர்

திருவொற்றியூருக்குப் போகிறவர்கள் இரண்டு இடங்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஒன்று, தியாகராஜ சுவாமி கோயில். மற்றொன்று, கடற்கரையோரம் இருக்கும் பட்டினத்தார் சமாதி. பட்டினத்தார் ஊர் ஊராகத் திரிந்தபோது அவர் கையில் ஒரு பேய்க்கரும்பு இருந்தது என்றும், அது எந்த ஊரில் இனிக்கிறதோ அந்த ஊரில் அவருக்கு முக்தி என்றும் நம் பாட்டிமார் கதை சொல்லியிருக்கிறார்கள். எத்தனையோ தலங்களில் கைத்த கரும்பு ஒற்றியூரில் வந்து இனித்தது. அங்கேயே அவர் அடங்கினார்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தக் கரும்பின் மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. ஒரு மனிதனின் முடிவை முன்கூட்டிச் சொல்ல இடி வேண்டாம், அசரீரி வேண்டாம். நாக்கு நுனியில் ஒரு சிறு தித்திப்பு போதும் என்று எவனோ ஒரு மகா ரசிகன் கற்பனை செய்திருக்கிறான்.

வைத்தியர்களும் தித்திப்பை ஒரு குறியாகத்தான் வைத்திருந்தார்கள். சிறுநீரை எறும்பு மொய்த்தால் அது மதுமேகம் என்று நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் கண்டு எழுதி வைத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற வைத்தியர், தம் நோயாளிகளின் சிறுநீரைத் தாமே சுவைத்துப் பார்த்துவிட்டு, தேன் கலந்ததுபோல் இருக்கிறது என்று குறித்தார். அந்தக் காலத்து டாக்டர் தொழில் அவ்வளவு கஷ்டமானது!

ஆனால் பட்டினத்தாரின் கரும்புக்கும் டாக்டரின் குறிக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கரும்பு சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டரின் குறியோ, ஏற்றுக்கொண்டு உட்காருவதற்காகச் சொல்லப்படுவதல்ல. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள உலகத்துக்கு ஏறக்குறைய இருநூறு வருஷம் பிடித்தது. அந்தச் சரித்திரத்தின் ஒரு பகுதி வடசென்னையிலேயே நடந்திருக்கிறது.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய வண்ணாரப்பேட்டைக்காரர்கள் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்லுவார்கள். 1782-ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் பட்டணத்துக்கு ஓடிவந்த ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழியில் வளர்ந்த வைத்தியசாலை அது. 1938-இல் அங்கே மருத்துவக் கல்லூரி வந்தது. முன்னாள் கவர்னர் ஸ்டான்லியின் பெயர் நிலைத்தது. பசித்தவனுக்குக் கஞ்சி வார்த்த அதே இடத்தில் 1948-ஆம் வருஷம், டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவு நோய்க்கென்று தனிப் பிரிவு ஒன்றை ஆரம்பித்தார். இந்தியாவிலேயே இத்தகைய முதல் பிரிவு அதுதான் என்பார்கள். ஆறு வருஷம் கழித்து, 1954-இல், ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரியையும் அவர் ஏற்படுத்தினார்.

அந்த வருஷங்களில் இந்தக் கடற்கரையே மாறிக்கொண்டிருந்தது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகள் ஊதும் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் தொழில், பிற்பாடு லாரி டயர் செய்யும் பெரிய தொழிற்சாலையானது. தீப்பெட்டித் தொழிற்சாலை முன்பே இருந்தது. எண்ணூரில் லாரி, ஒற்றியூரில் 1955 முதல் மோட்டார் சைக்கிள் என்று சங்குகள் பெருகின. சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் சாப்பாடு, சங்கு ஊதினால் இரவு ஷிப்டு. கடலில் துடுப்புப் போட்டவர்களின் பிள்ளைகளும், ஏர் பிடித்தவர்களின் பிள்ளைகளும் இயந்திரத்தின் முன் நின்றார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று மெட்ரோ ரெயிலில் ஏறி வேலைக்குப் போகிறார்கள். வயிறு நிரம்பியது, நடை குறைந்தது. பஞ்சத்தில் அடிபட்ட பரம்பரையைச் சர்க்கரை வந்து பிடித்துக்கொண்டது.

தேரடிப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில், ஆலை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பத்து வருஷத்துப் பரிசோதனைச் சீட்டுகள். பாகப் பத்திரம் மாதிரி பத்திரமாக வைத்திருந்தார்.

"சக்கரை கன்ட்ரோல்ல இருக்கு சார். பிரஷருக்கு ஒரு மாத்திரை. கிட்னியிலேருந்து கொஞ்சம் புரோட்டீன் போவுதுன்னாங்க. வலி கிலி ஒண்ணும் இல்லே" என்றார்.

"எவ்வளவு நாளாக, ஐயா?"

"அஞ்சு வருஷம் இருக்கும்."

"நெஞ்சைப் பரிசோதித்துப் பார்த்தார்களா?"

பெரியவர் சிரித்தார். "நெஞ்சுக்கு இன்னா சார்? தொந்தரவு கிட்னியிலேதானே!"

எவ்வளவு நியாயமான கேள்வி! கூரை ஒழுகினால் கூரையைத்தானே பார்ப்போம்? அடுப்பங்கரையை ஏன் பார்க்க வேண்டும்? இதற்குப் பதில் தேடி நாம் லண்டனில் உள்ள கைஸ் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது.

1820-களில் அந்த ஆஸ்பத்திரியில் ரிச்சர்ட் பிரைட் என்று ஒரு டாக்டர் இருந்தார். உடம்பு வீங்கி வருகிற நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவார். சிலருடைய சிறுநீர், வேகவைத்த முட்டையின் வெண்கருவைப்போல் வெள்ளையாக உறையும். ரத்தத்தில் இருக்க வேண்டிய ஆல்புமின் என்னும் புரதச் சத்து வெளியே கசிந்ததுதான் அப்படி உறைந்தது. இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தால் சிறுநீரகங்கள் சுருங்கியோ சிதைந்தோ இருக்கும். 1827-இல் இதை அவர் வெளியிட்டார். 1836-இல் இப்படிப்பட்ட நூறு நோயாளிகளின் குறிப்பைத் தொகுத்தபோது மற்றொரு விஷயமும் அவர் கண்ணில் பட்டது. அவர்களில் பலருக்கு இருதயம் பருத்துத் தடித்திருந்தது.

ரத்தக் கொதிப்பை அளக்கும் கருவி அப்போது கிடையாது. ஆகையால் சிறுநீரகத்துக்கும் இருதயத்துக்கும் என்ன உறவு என்று பிரைட்டால் ஊகிக்கத்தான் முடிந்தது. ஆனால் ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவர்த்தியும் வைத்துக்கொண்டு அவர் பிடித்த நூல்நுனி சரியானது. பெரியவரின் கேள்விக்கு முதல் பதில் அந்த 1836-லேயே எழுதப்பட்டுவிட்டது.

அதைப் படித்தவர்களில் டாக்டர்களைவிடக் கெட்டிக்காரர்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள்! பாலிசி கேட்டு வருகிறவனின் சிறுநீரில் ஆல்புமின் இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். 1907 முதல் அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் மியூச்சுவல் என்ற கம்பெனி, டாக்டர் ஃபிஷரின் யோசனைப்படி ரத்தக் கொதிப்பையும் அளக்கலாயிற்று. நோயாளியைக் காப்பாற்றுவதற்காக அல்ல, கம்பெனியைக் காப்பாற்றுவதற்காக! எவன் சீக்கிரம் சாவான் என்று முன்கூட்டிக் கணக்குப் பார்க்கும் கலையைப் பணம் முதலில் பழகியது. வைத்தியம் பின்னால்தான் கற்றுக்கொண்டது.

இதற்கிடையில் நீரிழிவின் கதையும் திசை திரும்பியது. 1922-இல் கனடாவில் ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்ஸுலின் போட்டார்கள். அதுவரையில் மயக்கத்தில் ஆழ்ந்து மாண்டவர்கள் பிழைத்து எழுந்தார்கள். பல வருஷங்கள் வாழ்ந்தார்கள். வாழ்ந்த பிறகுதான் தெரிந்தது, நோய் போகவில்லை, ஒளிந்துகொண்டிருந்தது என்பது. 1936-இல் கிம்மல்ஸ்டீல், வில்ஸன் என்ற இருவர், நீரிழிவு முற்றியவர்களின் சிறுநீரகத்தில் தனி விதமான முடிச்சுகளைக் கண்டு வெளியிட்டார்கள். மற்றொரு பக்கம், நீரிழிவுக்காரர்களை மாரடைப்பும் பக்கவாதமும் கொண்டுபோகத் தொடங்கின.

ஸ்டான்லியில் நீரிழிவுப் பிரிவு தொடங்கிய அதே 1948-ஆம் வருஷத்தில், அமெரிக்காவில் ஃபிராமிங்காம் என்ற சிறிய ஊரில் ஒரு விசித்திரமான வேலை ஆரம்பமாயிற்று. அங்கே 5,209 ஆண் பெண்களைப் பெயர் எழுதிக்கொண்டு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதித்து, யாருக்கு மாரடைப்பு வருகிறது என்று காத்திருந்து பார்த்தார்கள். ஒரு நாவலாசிரியன் தன் பாத்திரங்களைக் கவனிப்பதுபோல் ஒரு ஊரையே பல்லாண்டு கவனித்தார்கள். ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, புகைபிடித்தல், நீரிழிவு என்று ஒவ்வொரு குறிக்கும் ஓர் எடை கிடைத்தது. அவற்றைக் கூட்டினால், வரும் பத்து வருஷத்தில் இந்த மனிதருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு எண் வரும். உலகம் முழுவதும் டாக்டர்கள் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள்.

கணக்கு நல்ல கணக்குத்தான். ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஃபிராமிங்காம்வாசிகள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். அவர்கள் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை ஒற்றியூர்க்காரருக்குப் பொருந்த வேண்டும் என்று என்ன கட்டாயம்? இது முதல் ஓட்டை. சிறுநீரகத்துக்கு அந்தக் கூட்டலில் இடமே இல்லை என்பது இரண்டாவது. பிரைட் நூறு வருஷத்துக்கு முன் மெழுகுவர்த்தியில் பார்த்ததைக் கணக்குப் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள்.

மறக்காதவர்கள் கைஸ் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார்கள். ஹாரி கீன் என்ற டாக்டர் 1962-இல் பெட்ஃபோர்டு என்ற நகரத்து ஜனங்களிடம், ஆளுக்கொரு புட்டி சிறுநீர் கொடுங்கள் என்று கேட்டார். ஏறத்தாழ 25,000 பேர் கொடுத்தார்கள்! மறு வருஷம், கரண்டியில் காய்ச்சினால் உறையாத அளவுக்கு நுட்பமான ஆல்புமினையும் அளக்கக்கூடிய ஒரு முறையை அவரும் அவருடைய சகாவும் வெளியிட்டார்கள். ஒரு நாளில் 30 மில்லிகிராமுக்குள் ஆல்புமின் போவது இயல்பு. 300-க்கு மேல் போனால் சாதாரணச் சோதனையிலேயே தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இருட்டுப் பிரதேசம் இருந்தது. அந்த இருட்டில் விளக்கேற்றியவர் கீன்.

விளக்கு வெளிச்சத்தில் என்ன தெரிந்தது? 1984-இல் டென்மார்க்கில் மோகென்ஸன் என்ற அறிஞரும், லண்டனில் கீன் வழிவந்தவர்களும் தனித்தனியே ஒரே செய்தியைச் சொன்னார்கள். நடுவயதில் நீரிழிவு வந்தவர்களில், இந்தச் சிறு கசிவு உள்ளவர்கள் மற்றவர்களைவிட முன்னதாக இறக்கிறார்கள். அதுவும் சிறுநீரகம் கெட்டு இறப்பதைவிட, இருதயமும் ரத்தக் குழாயும் கெட்டு இறப்பவர்களே அதிகம்.

இதன் காரணம் அப்படியொன்றும் மர்மமல்ல. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மயிரிழையினும் மெல்லிய ரத்தக் குழாய்களின் ஒரு சிறு சுருள். அந்தக் குழாய்களின் உட்புறத்தில் உள்ள மெல்லிய பூச்சும், இருதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களின் உட்பூச்சும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. சர்க்கரையும் கொதிப்பும் அந்தப் பூச்சைச் சுரண்டும்போது எல்லா இடத்திலும்தான் சுரண்டுகின்றன. இருதயத்தில் நடப்பது வெளியே தெரியாது; மூளையில் நடப்பதும் தெரியாது. சிறுநீரகம் ஒன்றுதான் தன் வீட்டுச் சங்கதியை அன்றாடம் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது! பெரியவர் கூரை என்று நினைத்தது கூரையல்ல, ஜன்னல். அதன் வழியாக வீடு முழுவதும் தெரிகிறது. பிறகு சிறுநீரகம் நலிய நலிய, கொதிப்பு ஏறுகிறது, ரத்தம் சோகையாகிறது, குழாய்களில் சுண்ணாம்பு படிகிறது. இருதயத்தின் பாரம் இரட்டிப்பாகிறது. டயாலிஸிஸ் வரைக்கும் போகுமுன்பே பலரை மாரடைப்பு கொண்டுபோய்விடுவது இதனால்தான்.

நம் ஊர் நிலைமை என்ன என்று கேட்கலாம். சென்னையில் திருமங்கலத்திலும் தியாகராயநகரிலும் நடத்திய ஒரு கணக்கெடுப்பு 2001-இல் வெளியாயிற்று. இருபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு இருதயக் குழாய் நோய் இருந்தது. நீரிழிவு உள்ளவர்களை மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 21 பேர். 2007-இல் சென்னை நகரத்து நீரிழிவுக்காரர்களைப் பற்றி வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், 26.9 சதவிகிதம் பேருக்கு அந்த நுண்ணிய கசிவு இருந்தது. நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் டீக்கடை பெஞ்சில் நால்வருக்கும் சர்க்கரை என்றால், ஒருவருக்காவது கசிவு இருக்கலாம் என்று அர்த்தம். அவருக்கு வலி இராது, வீக்கம் இராது, டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பார்.

கணக்குப் பிள்ளைகளும் மெள்ள வழிக்கு வந்தார்கள். 2019-இல் உலக சுகாதார ஸ்தாபனம், உலகத்தை 21 பிரதேசங்களாகப் பிரித்துத் தனித்தனி அபாய அட்டவணை தயாரித்தது. 2023-இல் அமெரிக்க இருதய சங்கம் வெளியிட்ட புதிய சூத்திரத்தில் சிறுநீரகத்தின் வேலைத்திறனும் ஒரு உறுப்பாகச் சேர்ந்தது. வேண்டுமானால் ஆல்புமின் கசிவையும் சேர்த்துக்கொள்ளலாம். 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்துச் செய்த சூத்திரம் அது. அதே வருஷம் ஐரோப்பியர்களும் நீரிழிவுக்காரர்களுக்கென்று தனியாக ஒரு கணக்குப் போட்டு, அதிலும் சிறுநீரகத்துக்கு இடம் கொடுத்தார்கள். பிரைட்டின் கரண்டியிலிருந்து கணக்குப் புத்தகத்துக்கு வந்து சேர 187 வருஷம்! எந்தச் சூத்திரமும் ஒற்றியூர் மனிதரைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. ஆகவே அது சொல்லும் எண்ணைச் சற்றுத் தள்ளுபடியோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கசிவு என்ற குறி எந்த ஜாதி உடம்பிலும் பொய் சொல்வதில்லை.

சரி, குறி தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்பார்கள். நாளைக்கு வரப்போகிற மாரடைப்பை இன்றைக்கே தெரிந்துகொண்டு இன்றைக்கே தூக்கத்தைத் தொலைக்கவா என்பார்கள். இவர்களுக்கு 160 டேனிஷ்காரர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

கோபன்ஹேகன் பக்கத்தில் ஸ்டீனோ என்ற நீரிழிவு நிலையம் இருக்கிறது. அங்கே, நடுவயதில் நீரிழிவு வந்து, நுண்ணிய ஆல்புமின் கசிவும் உள்ள 160 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது, கரும்பு இனித்துவிட்டவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். மறுபாதிக்குச் சர்க்கரை, கொதிப்பு, கொழுப்பு மூன்றையும் ஒரே சமயத்தில் இறுக்கிப் பிடிக்கும் வைத்தியம்; அதோடு சாப்பாடு, நடை, புகையை நிறுத்துதல். ஏறக்குறைய எட்டு வருஷம் கழித்து, 2003-இல் கணக்குப் பார்த்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் அவை போன்ற ஆபத்துகளும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. 2016-இல், இருபத்தொரு வருஷத்துக்குப் பிறகு மறுபடி பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தார் மற்றவர்களைவிடச் சராசரியில் எட்டு வருஷம் போல அதிகமாக உயிர் வாழ்ந்திருந்தார்கள்.

எட்டு வருஷம் என்றால் சாமானியமா? ஒரு பேத்தி பிறந்து, பள்ளிக்கூடம் சேர்ந்து, தாத்தாவுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொள்கிற காலம் அது. அதற்குப் பிறகு மருந்துகள் இன்னும் பெருகியிருக்கின்றன. கொதிப்பைக் குறைக்கும் மாத்திரைகளில் சில, கசிவையும் சேர்த்துக் குறைக்கின்றன என்பது முன்பே தெரிந்தது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் புதுவகை மாத்திரை ஒன்று சிறுநீரகத்தையும் இருதயத்தையும் சேர்த்துக் காக்கிறது என்று 2019-இல் 4,401 பேரிடம் நடத்திய சோதனை காட்டியது. யாருக்கு எது என்பதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர், நாவலாசிரியன் அல்ல.

நாவலாசிரியன் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. நம் ஜனங்கள் சர்க்கரையின் எண்ணை ஜாதக நட்சத்திரம்போல் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். சாப்பிடுமுன் இவ்வளவு, சாப்பிட்டபின் இவ்வளவு என்று கல்யாண வீட்டில்கூட ஒப்பித்துக்கொள்கிறார்கள். சிறுநீரில் ஆல்புமின் எவ்வளவு என்று கேட்டால் விழிக்கிறார்கள். இது ஊசி குத்தாத பரிசோதனை. ஒரு சிறு புட்டிச் சிறுநீர் போதும். அதில் ஆல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். நடுவயதில் நீரிழிவு வந்தவர்கள், நோய் தெரிந்த நாளிலிருந்தே வருஷத்துக்கு ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும். காய்ச்சலோ கடும் உழைப்போ இருந்தால் எண் தற்காலிகமாக ஏறும்; ஆகையால் ஒருமுறை ஏறியதும் பயப்படாமல், சில மாதங்களுக்குள் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். உறுதியானால் "கிட்னியில் கொஞ்சம் புரோட்டீன்" என்று பையில் போட்டு முடிந்துவைக்காமல், என் இருதயத்துக்கும் மூளைக்கும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

தேரடிப் பெரியவரிடம் இத்தனையும் சொல்ல டீக்கடையில் நேரம் இருந்தது. ஐந்து வருஷத்துச் சீட்டுகளையும் வரிசைப்படுத்தி, ஆல்புமின் என்ற வரிக்கு நேரே பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். எண் ஒவ்வொரு வருஷமும் ஏறியிருந்தது. "இதை இந்தக் கோட்டோடு அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள்" என்றேன். அவர் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத்தினி நாளா இது பேசிக்கினேதான் இருந்துதா?" என்று கேட்டார்.

ஜோசியர், தாம் சொன்னது பலித்தால் சந்தோஷப்படுவார். இன்ஷூரன்ஸ் கம்பெனி, சொன்னது பலித்தால் தன் கணக்கு சரி என்று கொள்ளும். தான் சொன்னது பலிக்காமல் போக வேண்டும் என்பதற்காகவே ஆரூடம் சொல்லும் சாஸ்திரம் வைத்தியம் ஒன்றுதான். ஆனால் அந்த ஆரூடம் பொய்யாக வேண்டுமென்றால் முதலில் யாராவது அதைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு புட்டி போதும்.